இடப்பக்கத்துப் பால்

தீர்த்தம்மாளைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்றைக்கும் உண்டு. என் காதுபடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஆண்டிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரே கூரையின் கீழே, ஒரே அடுப்பில் களி கிண்டிப் பிழைத்தவர்கள் நாங்கள். அவளைப் பற்றிப் பேச வேண்டுமானால் நான் பேசுகிறேன். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும்.

எங்கள் ஊர் பொம்மிடிக்குக் கிழக்கே, சித்தேரி மலையைப் பார்த்தபடி இருக்கிறது. மேல்காற்று அடித்தால் ரயில் சத்தம் வரும். கீழ்காற்று அடித்தால் மலையின் குளிர் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையும். தீர்த்தம்மாள் நல்ல உயரம். சேற்றில் இறங்கினால் ஆண்பிள்ளைக்குச் சரியாக நின்று மடை திருப்புவாள். வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆனால் கல்யாணமாகிப் பல வருஷம் அவள் வயிறு திறக்கவில்லை. என் பிள்ளைகளைப் பெற்றது நான், கொண்டாடியதெல்லாம் அவள்தான்.

பிள்ளை வளர்கிற வீட்டில் கொண்டாட்டத்துக்கா பஞ்சம்? குழந்தை முதன்முதலில் குப்புறக் கவிழ்ந்தால் அரிசிமாவில் வெல்லம் பிசைந்து உருண்டை பிடிப்போம். பல் முளைத்தால் பல் அளவுக்குக் கொழுக்கட்டை உருட்டி வேகவைத்து, பிள்ளையை மணையில் உட்காரவைத்துத் தலையில் கொட்டுவோம். தெருப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும். நிலைப்படி தாண்டினால் பணியாரம், நடந்தால் கச்சாயம். என் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அவள் கையால்தான் நடந்தது. என் மூத்தவனுக்குப் பல் வந்ததைக்கூட அவள்தான் முதலில் பார்த்தாள், விரலைக் கடித்துவிட்டான் என்று ஊரைக் கூட்டினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஐரோப்பாவில் சண்டை மூண்டதற்கு முந்தின வருஷம், ஐப்பசி அடைமழையில், அவளுக்கு இரட்டை ஆண் பிள்ளைகள் பிறந்தன. மாதேசுவரனுக்கும் வேடியப்பனுக்கும் வேண்டிக்கொண்டு பெற்றதால் மூத்தவன் மாது, இளையவன் வேடி. விட்டத்திலிருந்து பழைய சேலையில் இரண்டு தூளி பக்கத்தில் பக்கத்தில் கட்டினோம். வலப்பக்கத்துப் பால் மாதுக்கு, இடப்பக்கத்துப் பால் வேடிக்கு என்று அவளே பிரித்துவைத்தாள். மறந்தும் மாற்ற மாட்டாள்.

இரட்டைப் பிள்ளைகளுக்கு எதையும் ஒன்றுபோலத்தான் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் இது. ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து கஷாயம் புகட்டினால் நன்றாக இருக்கிற மற்றதன் நாக்கிலும் ஒரு சொட்டு வைப்போம். ஒன்றுக்குப் பொட்டு வைத்தால் மற்றதுக்கும் வைப்போம். இல்லையென்றால் ஒன்று மற்றதைப் பார்த்து ஏங்கிப்போகும் என்பார்கள். தீர்த்தம்மாள் இதை உயிராகப் பிடித்துக்கொண்டாள். நானும்தான் சேர்ந்து செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

வேடி தை மாதத்தில் போய்விட்டான். காலையில் பால் குடித்தான், வெயில் ஏறுவதற்குள் உடம்பு விறைத்துவிட்டது. பாவம், இன்னும் குப்புறக்கூடக் கவிழவில்லை. ஆண்டி மாமா துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய், எங்கள் கொல்லைக்காட்டு வரப்பில் புங்கமரத்தடியில் புதைத்து, நரி தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போட்டுவிட்டு வந்தார். பெண்கள் நாங்கள் போகவில்லை. தீர்த்தம்மாள் அழவே இல்லை. மாதுவை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நான் இரண்டாவது தூளியை அவிழ்க்கப் போனேன். வெறும் தூளி தொங்கக்கூடாது, வீட்டுக்கு ஆகாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அவுக்காத செல்லம்மா. அவுத்தன்னா என் கையையும் வெட்டிட்டு அவுரு."

"அக்கா, புள்ள போயிட்டான். ஏங்க்கா இப்பிடிப் பண்ற?"

"போனா போவட்டும். பசிச்சா எங்க வருவான்? இங்கதான வருவான்?"

பிள்ளை இழந்தவள் பேச்சு, நாலு நாளில் அடங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். இடப்பக்கத்தில் பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள், வற்றிவிடும். பூ கொண்டுபோனேன். தட்டிவிட்டாள். மாதுவையும் அந்தப் பக்கம் வாய் வைக்க விடவில்லை. மத்தியானம் வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, அந்த வெறும் தூளிக்குள் குனிந்து நின்றுகொண்டிருப்பாள். பால் கொடுக்கத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை குடிக்காத பக்கத்துப் பால் வற்றித்தானே போக வேண்டும்? அவளுக்கு வற்றவில்லை.

மாசியில் மாது குப்புறக் கவிழ்ந்தான். கவிழ்ந்தவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தான் பாருங்கள், வீட்டில் சாவு விழுந்ததே மறந்துபோயிற்று. தீர்த்தம்மாள் வெல்ல உருண்டை பிடித்தாள். ஒன்றை மாதுவின் பக்கத்தில் வைத்தாள், இன்னொன்றைத் தூளிக்குள் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் தூளிக்குள் உருண்டையைக் காணோம். என் பெரியவன் வேலை என்று அவன் முதுகில் இரண்டு வைத்தேன். அவன் சாமி மேல் சத்தியம் பண்ணினான். சரி, எலி என்று நினைத்துக்கொண்டேன்.

பல் வந்தபோது இரண்டு மணை போட்டாள். மாதுவின் தலையில் ஒரு கை கொழுக்கட்டை, வெறும் மணையின் மேல் ஒரு கை. தெருப் பிள்ளைகள் மாதுவைச் சுற்றி விழுந்து பொறுக்கின. வெறும் மணையைச் சுற்றி விழுந்ததை ஒரு பிள்ளையும் தொடவில்லை. தின்பண்டத்துக்கு அடித்துக்கொள்கிற பிசாசுகள் அவை! தொடாதே என்று அவற்றுக்கு யாரும் சொல்லவுமில்லை. கடைசியில் நான்தான் அவற்றைக் கூட்டி அள்ளினேன்.

பேய், காற்று, கருப்பு என்று யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவேன். மாது தவழ்ந்து தவழ்ந்து அந்த இரண்டாவது தூளிக்கு அடியிலேயே போய் உட்கார்ந்து சிரித்தான். ஆடுகிறதைப் பார்த்து எந்தப் பிள்ளைதான் சிரிக்காது என்றேன். தூளி ஏன் ஆடுகிறது என்றால் மலைக்காற்று என்றேன். மாது படுக்கிற தூளி அப்படியேதான் இருந்தது, வெறும் தூளி மட்டும் நாளுக்கு நாள் தொய்ந்து தரையைத் தொட வந்தது. இற்றுப்போன சேலை, தொய்யாமல் என்ன செய்யும் என்றேன். இரண்டும் ஒரே சேலையைக் கிழித்துக் கட்டியவை என்பது எனக்குத் தெரியாதா? கிழித்தவளே நான்தானே!

நிலைப்படி தாண்டிய அன்று, மாது ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றான். திரும்பி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் மறு காலை எடுத்துவைத்தான். நடக்கப் பழகியபோது எல்லாப் பிள்ளைகளையும்போலச் சுவரைப் பிடிக்கவில்லை. இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரலை மடக்கி, யாரோ கையைப் பிடித்திருக்கிறாற்போல நடந்தான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை 'அம்மா' இல்லை, 'வா'. அதைச் சொன்னது எங்களைப் பார்த்து இல்லை. தீர்த்தம்மாள் ஒவ்வொன்றுக்கும் பலகாரம் செய்தாள், இரண்டு பங்காக வைத்தாள். முகம் பூரித்துக் கிடந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் என் வாய் அடைத்துப்போனது.

ஆனால் மாது இளைத்துக்கொண்டே வந்தான். எதைக் கொடுத்தாலும் பாதி தின்பான், மீதியை வைத்துவிடுவான். ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வான்.

அடுத்த தை மாதம் சித்தேரியிலிருந்து ராமக்கா வந்தாள். மலைத்தேனும் கடுக்காயும் கூடையில் சுமந்து வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு வருகிறவள். காலில் அடிபட்டு முந்தின வருஷம் மலையிறங்கவில்லை, அதனால் எங்கள் வீட்டில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வாசலில் கூடையை இறக்கிவைத்து, மோர் கேட்டு, உள்ளே எட்டிப் பார்த்தாள். மாது தரையில் உட்கார்ந்திருந்தான். தீர்த்தம்மாள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெட்டையா? நல்லா இருக்கட்டும்," என்றாள் ராமக்கா. "ஆனா ஏனுங்க அக்கா, ஒண்ணு ஏன் இப்பிடி வத்திக் கெடக்குது? இன்னொண்ணு கொழுகொழுன்னுதான இருக்குது?"

நான் உள்ளே பார்த்தேன். மாது மட்டும்தான் இருந்தான். கைகால் குச்சியாய், வயிறு முன்னே தள்ளி.

"எது கொழுகொழுன்னு இருக்குது?" என்று கேட்டேன்.

அவள் மோவாயால் தொய்ந்து கிடந்த தூளியைக் காட்டினாள்.

அவளை ஓரமாக இழுத்துப்போய், ஒரு பிள்ளை போய் வருஷமாகிறது என்று சொன்னேன். ராமக்கா மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். தலைச்சும்மாட்டை எடுக்கக்கூட மறந்து, வெறுந்தலையில் சுமையோடு போனாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

தீர்த்தம்மாளுக்குப் பயம் வந்திருக்க வேண்டாமா? முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டியாடி செல்லம்மா? கொழுகொழுன்னு இருக்கானாம்! எம் புள்ள வளர்றான்டி!"

"அடிப்பாவி! தரையில இருக்கற புள்ளையப் பாரு! எலும்பும் தோலுமா கெடக்கறான், கண்ணு தெரியல உனக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் மாதுவைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். இவனும் தேறிவிடுவான் என்றாள்.

அவன் தேறவில்லை. பங்குனியில் பேச்சு நின்றது. 'வா' என்பதுகூட இல்லை. பிறகு ஒரு நாள் நடந்துகொண்டிருந்தவன் உட்கார்ந்தான், அதற்குப் பிறகு எழுந்து நிற்கவில்லை, தவழ்ந்தான். நான் வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டால் நிலைப்படி வரைக்கும் வந்து, தாண்டத் தெரியாமல் மரத்தைத் தடவிக்கொண்டு அழுதான். ஓடித் தாண்டின படி அது! முன்பல் இரண்டும் ஆட்டம் கண்டு விழுந்தன. பால் குடிக்கிற பிள்ளைக்குப் பல் விழுந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆண்டி மாமா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பொம்மிடிக்கு ஓடினார். வைத்தியர் ஒரு தடவை மாந்தம் என்றார், ஒரு தடவை கணை என்றார், எண்ணெய் கொடுத்தார். பிள்ளை என்னவெல்லாம் கற்றுக்கொண்டதென்று பலகாரம் செய்தோமோ, அவ்வளவையும் மாது ஒன்றொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சித்திரை முடிவதற்குள் தவழ்வதும் நின்றது. மல்லாந்தே கிடந்தான்.

வைகாசியில் ஒரு காலை, தீர்த்தம்மாள் கிலுகிலுப்பையை அவனுக்குப் பக்கத்தில் ஆட்டினாள். கண் மட்டும் திரும்பியது. அவளே அவனை மெல்லக் குப்புறத் திருப்பிவிட்டாள். முகம் பாயில் பதிந்தது, தூக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. நான் பாய்ந்து தூக்கினேன். கையில் கனமே இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செல்லம்மா, வேடி போனப்ப எப்பிடி இருந்தான்?"

"எப்பிடின்னா?"

"குப்புறக் கவுரலதான?"

"கவுரல."

"மல்லாந்துதான கெடந்தான்?"

"ஆமாக்கா."

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "ரெட்டைக்கு ஒண்ணுபோல செய்யணும்னு செஞ்சன்டி. செத்தவனால இவன் வயசுக்கு வர முடியுமா? அதான், இவன் அவன் அளவுக்கு எறங்கிட்டு வர்றான். இதுக்கு மேல எறங்கறதுக்கு என்னாடி இருக்குது?"

எனக்குச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாதுவை இறுக்கிக்கொண்டேன். இந்தப் பிள்ளையும் போய்விடப் போகிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆண்டி மாமா வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். பூசாரியைக் கூட்டிவந்து உடுக்கடித்து, சாட்டையால் விரட்டிவிடலாம் என்றார். தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள். அவ்வளவு நாள் இல்லாத பழைய குரல் வந்தது.

"எம் புள்ளைய அடிக்க எவனாவது இந்த வூட்டுக்குள்ள காலு வெச்சிப் பாக்கட்டும்! அவன் என்னா தப்புப் பண்ணான்? கூப்பிட்டன், வந்தான். குடுத்தன், குடிச்சான். பெத்தவ நான் இருக்கறன். நானே மறக்கடிக்கறன்."

பால் மறக்கடிப்பது தாய் செய்கிற காரியம். வேப்பிலையை அரைத்து மாரில் பூசிக்கொள்வோம். பிள்ளை ஆசையாக வரும், வாய் வைக்கும், கசந்து முகத்தைச் சுளிக்கும், கத்தும். கத்தும்போது தாய் தூக்கவே கூடாது. மனசு இளகி ஒரு தடவை தூக்கிவிட்டால் அவ்வளவுதான், பிள்ளை மறக்காது. என் நாலு பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொல்லைப்புறம் போய் நின்று நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் என் பிள்ளைகள் அழுதுவிட்டுக் களி தின்ன வந்தார்கள்.

வேப்பிலையை அவளேதான் அரைத்தாள். என்னைத் தொடவிடவில்லை. ஆண்டி மாமாவை வெளியே போகச் சொன்னாள். நல்ல வெயில் நேரம், முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தன, காற்றில்லை. நான் மாதுவை மடியில் படுக்கவைத்துச் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் தொய்ந்த தூளிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடப்பக்கத்தில் பச்சையாய்ப் பூசி, மாராப்பை விலக்கினாள்.

"வேடி, வாடா சாமி," என்றாள். பிள்ளையைப் பால் குடிக்கக் கூப்பிடுகிற அதே குரல்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே கோழி மண்ணைக் கிளறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. பிள்ளை வாய் வைத்ததும் தாய்க்கு வருமே, அந்த முகம் வந்தது. கண் சொக்கியது. உடனே அந்த முகம் கலைந்தது.

"கசக்குதுதான், கண்ணு. இனிமே இங்க இல்ல. அம்மாகிட்ட இல்லடா. போ."

எனக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. ஆணையாகச் சொல்கிறேன், அந்த வீட்டுக்குள் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஆனால் தீர்த்தம்மாளின் இரண்டு கையும் தானாக முன்னால் நீண்டன. பாதி நீண்டதும் வெடுக்கென்று இழுத்து, தொடைக்கு அடியில் செருகி, மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"அழுவறான்டி செல்லம்மா," என்றாள். "மூச்சு வாங்காம அழுவறான். வழி தெரியாம நிக்கறான்டி."

"தூக்கிடாதக்கா."

"தூக்க மாட்டன்."

"இவனைப் பாருக்கா. இவன் மூஞ்சியப் பாரு."

"அவன் என் மொகத்தையே பாக்கறான்டி," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் தாரையாக இறங்கி மாரில் பூசிய பச்சையைக் கரைத்தது. பெற்றவளுக்கு இப்படி ஒரு வேலையை எந்தச் சாமி கொடுத்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேடியப்பனையும் மாதேசுவரனையும் வாய்விட்டுத் திட்டினேன்.

அப்போதுதான் மடியில் அசைவு தெரிந்தது. பல நாளாகக் கையைத் தூக்காத மாது, இரண்டு கையையும் மெல்லத் தூக்கினான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். நெற்றி சுருங்க, கண்ணை இறுக்க மூடி, பொத்தியபடியே கிடந்தான்.

அவள் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவில்லை, அவன் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் மட்டும் ஒன்றும் கேட்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மாது கண்ணைத் திறந்தான். ஒரு காதை விட்டுப் பார்த்தான். மறு காதையும் விட்டான். என் முகத்தைப் பார்த்து, நன்றாகத் தெளிவாக, "பசி" என்றான்.

எனக்குக் குபீரென்று அழுகை வந்துவிட்டது. "அக்கா! நின்னுடுச்சு அக்கா! மாது பேசிட்டான், கேட்டியா? நின்னுடுச்சு, எழுந்து வா!"

தீர்த்தம்மாள் அசையவில்லை. கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினாள்.

"அவனுக்கு நின்னுடுச்சா? நல்லதா போச்சு. அவனுக்குக் கஞ்சி ஊத்து, போ," என்றாள். "எனக்கு இன்னும் கேக்குது."

நான் மாதுவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவள் கையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.